மிகுபுனைவு நாவலில் தளபதி படையெடுக்கும் காரணம் நம்பும்படியாக இல்லை: எதைத் திருத்துவது?

கேள்வி:
மூன்று பாகங்களாகத் திட்டமிட்டிருக்கும் ஒரு காவிய மிகுபுனைவுக்காக வரைபடம், அரச வம்சாவளி, இரண்டு சமயங்கள், மந்திரத்தின் விதிகள் என அனைத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். வடநாட்டுத் தளபதி முதல் அத்தியாயத்திலேயே 10,000 குதிரைகளோடு பனிக்கணவாயைக் கடந்து தெற்கின் மீது படையெடுக்கிறாள். சிறுவயதில் அவளுடைய குடும்பத்தைத் தென்னாட்டார் கொன்றுவிட்டார்கள் என்பது முன்கதை. ஆயினும் வரைவைப் படித்தவர்கள், அவள் ஏன் இதைச் செய்கிறாள் என்றே கேட்கிறார்கள். என்ன குறைகிறது?

மறுமொழி 1:
குடும்பத்தைப் பறிகொடுத்தவள் எந்த நாவலிலும் பழிவாங்கப் புறப்படலாம். உங்கள் உலகத்தில் மட்டுமே பிறக்கக்கூடிய காரணமாக அது இன்னும் ஆகவில்லை. கர்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். அரசகுமாரன் தனக்கு நிகரான குலத்தவனோடு மட்டுமே பொருதுவான் என்ற விதியைச் சொல்லித்தான் கிருபர் அரங்கில் அவனுடைய குலத்தைக் கேட்கிறார். அந்த அவமானத்தின் நடுவே துரியோதனன் அவனை அங்க நாட்டுக்கு அரசனாக்குகிறான். பின்னாளில் கண்ணனும் குந்தியும் பிறப்பின் உண்மையைச் சொன்ன பிறகும் கர்ணன் அணி மாறாதது நமக்கு வியப்பளிப்பதில்லை, ஏனெனில் அந்தச் செஞ்சோற்றுக்கடன் எங்கே விளைந்தது என்பதை முன்பே பார்த்துவிட்டோம். நீங்கள் வகுத்திருக்கும் இரண்டு சமயங்களும் அந்தத் தளபதிக்கு எதை மறுத்தன?

மறுமொழி 2:
எனக்கு உறுத்துவது அந்தப் பனிக்கணவாய். ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ தீவனம் தின்னும். அப்படியானால் இந்தப் படைக்கு நாள்தோறும் 100 டன் வேண்டும், அதைச் சுமந்துவரும் விலங்குகளுக்கும் தீவனம் வேண்டும். புல் முளைக்காத காலத்தில், மலைமேல், எந்தத் தளபதியும் மனமுவந்து இதற்குத் துணியமாட்டாள். வசந்தம் வரை காத்திருந்தால் எதை இழப்பாள் என்று முடிவு செய்யுங்கள். வடக்கின் களஞ்சியங்கள் காலியாகிவிட்டன, இப்போது கடக்காவிட்டால் குதிரைகளையே அடித்துத் தின்ன நேரும் என்று வைத்தால், பழிவாங்கலைப் பற்றி ஒரு வரி எழுதாமலேயே அவளுடைய அவசரம் வாசகருக்குப் புரிந்துவிடும். (வரைபடத்தில் மலை வரைபவர்கள் பலர் அதில் பருவங்களை வரைவதில்லை.)

மறுமொழி 3:
பஞ்சம் நெருக்கடியைத் தரும், பாத்திரத்தைத் தராது. அதே பஞ்சத்தில் வேறொரு தளபதி தானியம் கேட்டுத் தூது அனுப்பியிருப்பார். அவள் ஏன் அனுப்பவில்லை என்ற இடத்தில்தான் முன்கதைக்கு வேலை இருக்கிறது: அவளுடைய தந்தை முந்தைய பஞ்சத்தில் தூது போய்க் கொல்லப்பட்டவர் என்றால், அவளைப் பொறுத்தவரை தூது என்ற வழியே கிடையாது. அதை அவள் வாயால் விளக்க வைக்காதீர்கள். தூது அனுப்பலாம் என்று சொல்லும் துணைத்தளபதியை அவள் என்ன செய்கிறாள் என்று காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தென்னாட்டுச் சமயம் தூதரைக் கொல்வதைப் பெரும்பாவமாகக் கருதுகிறது என்று இரண்டாம் பாகத்தில் எழுதியிருக்கிறேன். இதற்காக அதை நீக்க மனம் வரவில்லை. நீக்காமல் விட்டால், தந்தையைக் கொன்றவர்கள் வடக்கிலேயே இருந்தவர்கள் என்றாகிறது, துணைத்தளபதிக்கு அது தெரிந்தும் இருக்கலாம். முதல் அத்தியாயத்தைக் கணவாய்க்கு முந்தைய இரவிலிருந்து மீண்டும் தொடங்குகிறேன்.