மெத்தில் மெர்குரி மாடல்: ரத்த அளவு கணக்கைவிடக் குறைவாக வருகிறது

கேள்வி:
மீன் வழியாக உடலுக்குள் போகும் நச்சான மெத்தில் மெர்குரிக்கு ஆர் (R) நிரல் மொழியில் ஒன்-கம்பார்ட்மென்ட் மாடல் (உடலை ஒரே தொட்டியாக வைத்துப் போடும் கணக்கு). எடை 60 கிலோ, ரத்தம் 5.4 லிட்டர் (எடையில் 9%), உறிஞ்சல் 0.95, உறிஞ்சியதில் ரத்தத்தில் தங்குவது 0.05, வெளியேற்றம் நாளுக்கு 0.014. தினமும் கிலோவுக்கு 0.23 மைக்ரோகிராம் கொடுக்கிறேன். சூத்திரத்தில் போட்டால் லிட்டருக்கு 8.7 மைக்ரோகிராம், 30 நாள் ஓட்டினால் 3தான் வருகிறது. கோடில் எங்கே பிழை?

பதில் 1:
கோட் சரி, நாள்தான் போதவில்லை. 0.693-ஐ 0.014-ஆல் வகுங்கள்: அரை ஆயுள் (இருப்பு பாதியாகும் காலம்) ஏறக்குறைய 50 நாள். 30 நாளில் ஸ்டெடி ஸ்டேட்டில் (உள்ளே போவதும் வெளியேறுவதும் சமமாகி அளவு நிலைத்துவிடும் நிலை) 34%தான் எட்டும். சூத்திரம் தருவது ஸ்டெடி ஸ்டேட் அளவு. 250 நாள் ஓட்டினால் 97% வந்துவிடும்.

கூடவே ஒரு சரிபார்ப்பு வரி போடுங்கள்: ரத்தத்துக்குள் போனது = இருப்பு + வெளியேறியது. உள்ளே போனதை மொத்த டோஸாக எடுத்தால் கணக்கு இடிக்கும். டோஸ் × 0.95 × 0.05 என்று எடுக்க வேண்டும்.

பதில் 2:
அந்த 0.23 எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். எஃப்ஏஓ, டபிள்யூஎச்ஓ கூட்டு நிபுணர் குழு 2003-இல் இதே மாடலைத் தலைகீழாகப் போட்டது. தொடக்கம், கருவில் உள்ள குழந்தைக்குத் தீங்கு தெரியாத அளவு: தாயின் முடியில் கிலோவுக்கு 14 மில்லிகிராம் மெர்குரி. முடி-ரத்த விகிதம் 250. ஆக ரத்தத்தில் லிட்டருக்கு 56 மைக்ரோகிராம். அதற்கான தினசரி அளவு உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம். அதைப் பாதுகாப்புக்காக 6.4-ஆல் வகுத்தால் 0.23, வாரத்துக்கு 1.6. இதுதான் வார வரம்பு.

6.4 என்பது 2 × 3.2. ஆளுக்கு ஆள் வெளியேற்றம் மாறுவதற்குத்தான் 3.2. நீங்கள் மான்டி கார்லோவில் (மதிப்புகளைத் தற்செயலாக மாற்றிப் பலமுறை ஓட்டும் முறை) 0.014-ஐ மாற்றி ஓட்டிவிட்டு 1.6-உடன் ஒப்பிட்டால் அதே வேறுபாட்டை இரண்டு முறை கழிக்கிறீர்கள். முடி-ரத்த விகிதத்துக்கான 2-ஐ மட்டும் வைத்து, ரத்த அளவை 28-உடன் ஒப்பிடுவதே சரி என்பேன். 0.014-இன் பரவலை லாக்-நார்மலாக (மடக்கை எடுத்தால் நார்மலாகும், எப்போதும் பூஜ்யத்துக்கு மேலே இருக்கும் பரவல்) வையுங்கள். நார்மலில் வால் மைனஸுக்குப் போகும்.

கேள்வி கேட்டவர்:
250 நாளில் 8.4. நன்றி. தினமும் இல்லாமல் வாரம் ஒருமுறை சுறா என்றால்?

பதில் 1:
ஏழு நாளில் 9% இறங்கும், அவ்வளவுதான், வார மொத்தம் அதே என்றால் சராசரி மாறாது. கவனிக்க வேண்டியது அளவை. சுறாவுக்குக் கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வைத்த மெத்தில் மெர்குரி உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 மில்லிகிராம். அந்த அளவில் உள்ள மீன் என்றால், 60 கிலோ ஆளின் வார வரம்பான 96 மைக்ரோகிராம் 60 கிராம் மீனிலேயே தீர்ந்துவிடும். ஒரு தட்டு சுறாப்புட்டு தாண்டிவிடும். பச்சை மீனின் அளவைச் சமைத்த மீனின் எடையோடு பெருக்காதீர்கள். வேகும்போது தண்ணீர்தான் வற்றும், மெர்குரி அப்படியே இருக்கும்.

பதில் 2:
கர்ப்பிணிக்கு ஓட்டினால் இன்னொன்று. ஒப்பிட அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (ஈபிஏ) எடுக்கும் லிட்டருக்கு 58 மைக்ரோகிராம் என்பது தொப்புள்கொடி ரத்த அளவு. அது தாயின் ரத்தத்தைவிடச் சராசரியாக 1.7 மடங்கு. உங்கள் விடையை 1.7-ஆல் பெருக்கிவிட்டு ஒப்பிடுங்கள். மேலே சொன்ன 56 தாயின் ரத்தம், அதற்குப் பெருக்க வேண்டாம்.