வென்டிலேட்டரை அகற்ற முடியாமல் போவது ஏன்?

கேள்வி: நிமோனியாவுக்காக ஒன்பது நாட்களாக வென்டிலேட்டரில் இருக்கும் என் தந்தைக்கு நுரையீரல் தெளிந்துவிட்டதாகக் கூறுகிறார்கள், ஆனால் நேற்று கருவியின் உதவியைக் குறைத்த அரை மணி நேரத்துக்குள் கழுத்துத் தசைகள் புடைத்து, வியர்த்துக் கொட்டி, மூச்சிரைத்ததால் மீண்டும் பழையபடியே வைத்துவிட்டார்கள். காரணம் என்னவாக இருக்கும்?

பதில் 1: மூச்சை உள்ளிழுப்பதில் பெரும்பங்கு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துடையது, மாவுக்கட்டுப் போட்ட கால் சூம்புவதுபோல, கருவியே முழு வேலையையும் செய்யும்போது அதுவும் மெலிகிறது, அதுவும் மிக விரைவாக. மூளைச்சாவடைந்த உறுப்புக் கொடையாளர்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், 18 முதல் 69 மணி நேரம் இயங்காதிருந்த உதரவிதானத் தசையிழைகளின் குறுக்குப்பரப்பு, ஒப்பீட்டுக் குழுவினருடையதில் பாதிக்கும் குறைவாக இருந்தது.

பதில் 2: ஓய்வை மட்டும் குறை சொல்ல முடியாது. இரத்தத்தில் பரவிய தொற்றும், பாஸ்பேட் குறைவும் தசையைத் தளர்த்தும். கருவியின் உதவி போதாமல் நோயாளி அளவுக்கு மீறித் திணறினாலும் தசை சேதமடையும். உதரவிதானத்தின் தடிமனை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்களா, மயக்க மருந்தைத் தினமும் குறைத்துப் பார்க்கிறார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பதில் 3: என் தாயாருக்கும் இதே நிலைதான். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தபோது அஞ்சினோம். அதன்பின் மயக்க மருந்து குறைந்து, கட்டிலில் உட்கார வைத்துப் பயிற்சி அளித்தார்கள். முதல் நாள் பத்து நிமிடம்தான் தானாக மூச்சுவிட்டார். மூன்றாவது வாரம் கருவி தேவைப்படவில்லை.