விவாதம் முடிந்ததும் கருத்துக்கணிப்பு சரிந்தால், வாக்காளர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று கொள்ளலாமா?

மாறன் கேட்டது:
அமெரிக்க அதிபர் தேர்தல் பிரசாரத்தின் நடுவே கருத்துக்கணிப்புகளில் தெரியும் ஏற்ற இறக்கங்களில் பெரும்பகுதி வெறும் தோற்றமே என்று கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ கெல்மன் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார். 2012 அக்டோபர் 3 அன்று டென்வரில் நடந்த முதல் விவாதத்தில் ஒபாமா தடுமாறினார். அதற்கு முந்தைய மூன்று நாட்களில் கேலப் நிறுவனத்தின் கணிப்பில் 50க்கு 45 என்று முன்னிலையில் இருந்தவர், அடுத்த மூன்று நாட்களில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னியுடன் 47க்கு 47 என்று சமநிலைக்கு வந்துவிட்டார். இதையும் தோற்றம் என்று தள்ளிவிட முடியுமா? முடியுமென்றால், இத்தனை பணத்தைக் கொட்டிப் பிரசாரம் செய்வது எதற்காக?

செந்தாமரை:
முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். தம் வேட்பாளர் சொதப்பிய வாரத்தில் அவருடைய ஆதரவாளர்கள் கணிப்பாளரின் அழைப்பை எடுக்கவே விரும்புவதில்லை. எதிர்த்தரப்பினரோ உற்சாகமாகப் பேசுகிறார்கள். ஆகவே மாறுவது பெரும்பாலும் வாக்கு அல்ல, பதில் சொல்பவர்களின் கூட்டம். கெல்மனும் சக ஆய்வாளர்களும் அதே 2012 தேர்தலில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாகத் திரட்டிய பதில்களை ஆராய்ந்தார்கள். பதிலளித்தவர்களில் 93 சதவீதம் ஆண்கள் என்பதால், மாதிரி என்று சொல்லவே கூச்சப்பட வேண்டிய மாதிரி அது. ஆனாலும் வயது, பாலினம், கல்வி ஆகியவற்றோடு கட்சிச் சார்பையும் 2008 இல் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்து எடையிட்டபோது (அதாவது, வாக்காளர்களிடையே ஒவ்வொரு பிரிவினருக்கும் உள்ள விகிதத்துக்கு ஏற்ப அவர்களின் பதிலுக்குக் கூடவோ குறையவோ மதிப்பளித்துக் கணக்கிட்டபோது), விவாதத்துக்குப் பிந்தைய சரிவில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. கேலப்போ தன் கடைசிக் கணிப்பில் ராம்னிக்கு ஒரு புள்ளி முன்னிலை தந்தது. ஒபாமா ஏறத்தாழ நான்கு புள்ளிகளில் வென்றார்.

இளம்பரிதி:
பிரசாரம் எதற்கு என்ற கேள்விக்கு கெல்மனும் அரசியல் அறிவியலாளர் கேரி கிங்கும் 1993 இலேயே விடை தந்திருக்கிறார்கள். பொருளாதார நிலை, கட்சிப் பற்று போன்ற அடிப்படைக் காரணிகளை வைத்துத் தேர்தல் முடிவை ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடிகிறது; ஆனால் வாக்காளர் தம் முடிவுக்கு வந்துசேர, பிரசாரம் தரும் தகவல் தேவைப்படுகிறது. 1988 ஜூலையில், கட்சி மாநாடு முடிந்த கையோடு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாக்கிஸ் 17 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். நவம்பரில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) ஏறக்குறைய எட்டுப் புள்ளிகளில் வென்றார். இரு தரப்பும் ஏறக்குறைய சமபலத்துடன் மோதுவதால்தான் பிரசாரத்தின் விளைவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு தரப்பு ஓய்ந்துவிட்டால் அப்போது தெரியும்.

நெடுஞ்செழியன்:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஒரு மறுப்புடன். வாரத்துக்கு வாரம் ஆடும் பிழை ஒன்று. தேர்தல் நாள் வரை ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும் பிழை வேறொன்று. 2020 இல் தேசியக் கணிப்புகள் மக்கள் வாக்கு (நாடு முழுவதும் பதிவான மொத்த வாக்கு) வித்தியாசத்தில் சராசரியாக 4.5 புள்ளிகள் தவறின; அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் அவ்வளவு பெரிய தவறு நேர்ந்ததில்லை. 2016 க்குப் பிறகு பல நிறுவனங்கள் கல்வித் தகுதியை வைத்து எடையிடத் தொடங்கியிருந்தும் இந்த நிலை. பதில் சொல்ல மறுக்கும் குடியரசுக் கட்சி ஆதரவாளரும் பதில் சொல்லும் குடியரசுக் கட்சி ஆதரவாளரும் ஒரே மாதிரி வாக்களிப்பவர்கள் அல்லர் என்றால், கட்சிவாரியாக எடையிட்டும் பயனில்லை. முந்தைய வாக்கை வைத்து எடையிடுவதிலும் சிக்கல் உண்டு; உண்மையிலேயே மக்கள் மனம் மாறும் ஆண்டில் அந்த மாற்றத்தையும் அது அமுக்கிவிடக்கூடும்.

செந்தாமரை:
அமுக்கக்கூடும் என்பது சரிதான். ஆனால் 2024 இல் அயோவா மாநிலத்தில் முந்தைய வாக்கை வைத்து எடையிடாத, பெரும் மதிப்புப் பெற்ற கணிப்பு ஒன்று ஹாரிசுக்கு மூன்று புள்ளி முன்னிலை காட்டியது; டிரம்ப் அங்கே 13 புள்ளிகளில் வென்றார். மாறனுக்கு ஒரு யோசனை: விவாதத்துக்கு முன்னும் பின்னும் ஒரே நிறுவனம் எடுத்த கணிப்புகளில், எடையிடுவதற்கு முன் ஒவ்வொரு கட்சியினரும் எத்தனை சதவீதம் இருந்தார்கள் என்பது வெளியிடப்பட்டிருந்தால், முதலில் அதைப் பாருங்கள். அந்த விகிதமும் கூடவே ஆடியிருந்தால், தலைப்புச் செய்தியை நம்ப அவசரப்பட வேண்டாம்.