34 வயசுல கதை எழுத வருமா?

திருப்பூர்க்காரன்: வணக்கம்ங்க. பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேன். ஏழெட்டு கதை ஆரம்பிச்சு எல்லாம் ரெண்டாம் பக்கத்துலயே நிக்குது, மறுநாள் படிச்சா எனக்கே கூச்சமாகி அழிச்சிடறேன். பத்தாவதுதான் படிச்சிருக்கேன், நமக்கெல்லாம் வருமாங்க?

கரிசல்மண்: எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) ஏழாவதோட நிறுத்தினவரு, எழுத வந்ததே முப்பது தாண்டித்தான். 1991ல சாகித்ய அகாதமி விருது வாங்கினாரு. படிப்பை விடுங்க பாஸ்.

மல்லிகா அக்கா: தம்பி, அழிக்கறத முதல்ல நிறுத்துங்க. முடிவு வரைக்கும் கண்ண மூடிட்டு எழுதிட்டு ஒரு வாரம் தொடாம வச்சு அப்புறம் திருத்துங்க. "அவள் மிகவும் வருந்தினாள்"னு நானும் எழுதிட்டு இருந்தவதான். எங்க சித்தி வீட்ல சண்டைன்னா பேசவே மாட்டா, காய்ஞ்ச துணியவே திரும்பத் திரும்ப மடிப்பா, அத அப்படியே எழுதினேன், வருத்தம் தானா வந்துருச்சு. உங்க செக்கிங் டேபிள்ல எவ்ளோ கதை கிடக்கும்! ஓட்டை விழுந்த பீஸ ஒதுக்கறப்ப பக்கத்துல இருக்கறவங்க என்ன பேசறாங்கன்னு கேளுங்க, வீட்டுக்கு வந்ததும் அந்த பேச்ச மட்டும் எழுதுங்க.

ராத்திரிப்பறவை: அக்கா சொன்னதேதான். டைப் பண்ண சோம்பலா இருந்தா போன்ல வாய்ஸ் டைப்பிங் போடுங்க, தமிழ் ஓரளவு நல்லாவே எடுக்கும், ஒற்றுதான் சொதப்பும். பத்திரிகைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அதுல ரெண்டு மூணு இதழாவது படிங்க. எனக்கு நாலு கதை பதிலே இல்லாம போச்சு, அஞ்சாவதுதான் வந்துச்சு.

திருப்பூர்க்காரன்: நன்றிங்க அக்கா. நேத்து ஷிப்ட்ல ஒரு பாட்டி சொன்னது ஞாபகம் வருது, இப்பவே எழுதிடறேன்.