புதுப்பிப்பு: ராத்திரியில் அமுங்கும் ஏர் சஸ்பென்ஷன்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 2009 மாடல் செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன், காலையில் பார்த்தால் இடது முன்பக்கம் மட்டும் டயர் மேல் உட்கார்ந்திருக்கிறது, காற்றடிக்கும் கம்ப்ரஸரை மாற்றச் சொல்கிறார்கள் என்று. நல்லவேளை, அவசரப்பட்டு மாற்றவில்லை.

நீங்கள் சொன்னபடி வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, ஸ்டாண்ட் கொடுத்து, ஏர் பேக்கின் (அந்த ரப்பர் பையின்) அடி மடிப்பில் சோப்புத் தண்ணீர் அடித்தோம். சாதாரண உயரத்தில் சுருண்டு மறைந்திருக்கும் ரப்பர் அது. நூல் மாதிரி ஒரு வெடிப்பு; அதன் மேல் கடுகு கடுகாக நுரை கிளம்பியது. இந்தக் கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடித்தான் கம்ப்ரஸர் சூடாகி நின்றிருக்கிறது. அதை மட்டும் மாற்றியிருந்தால் புதுசும் அதே கதிக்கு ஆளாகியிருக்கும்.

முன்பக்கம் இரண்டு பேக்கையும் மாற்றிவிட்டேன். வலதும் அதே வயசு ரப்பர்தானே. கம்ப்ரஸரை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்சான ரிலேயும் புதுசு. பழையதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக் கருகிவிடும்.

ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் தலையை விடாதீர்கள், தயவுசெய்து. காற்று இறங்கினால் மொத்த எடையும் இறங்கும்.

11 நாளாகிறது. நேற்று ராத்திரி வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். காலையிலும் அதே அளவு. உதவிய எல்லோருக்கும் மனசார நன்றி.