தானியங்கி வந்த பிறகு: பணியிட அனுபவங்கள்

முதல் பகிர்வு (வெல்டர்)

வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் வெல்டராக வேலை பார்த்தவன் நான். எங்கள் பிரிவுக்கு ரோபோ வந்தபோது, அதற்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கையில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு, டார்ச் (உலோகத்தை உருக்கிப் பற்றவைக்கும் முனை) எங்கே தொடங்க வேண்டும், எந்தக் கோணத்தில் சாய வேண்டும், மூலை திரும்பும்போது எவ்வளவு வேகம் குறைய வேண்டும் என்று ஒவ்வொரு புள்ளியாக நகர்த்திப் பதிவு செய்ய வேண்டும். மெல்லிய தகடும் தடித்த தகடும் சேரும் ஓரிடத்தில், கொடுக்கப்பட்ட அளவுகளின்படி வைத்தால் மெல்லிய தகடு ஓட்டை விழுந்துகொண்டே இருந்தது. டார்ச்சைத் தடித்த பக்கமாகச் சற்றே திருப்பி, முடிவில் ஒரு கணம் நிறுத்தி எடுத்தால் குழி விழாது என்று நான்தான் காட்டினேன். கை சுட்டுச் சுட்டுப் பழகிய பக்குவம் அது.

மூன்று வாரங்களில், ரோபோவைச் சுற்றி அடைத்த அந்த ஒரு கூண்டு, ஷிஃப்டுக்கு ஆறு வெல்டர்கள் செய்த வேலையைச் செய்யத் தொடங்கியது. யாரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை என்று நிர்வாகம் சொன்னது உண்மைதான். ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் நிரப்பப்படவில்லை, அவ்வளவே. கூண்டின் முன்னால் நின்று ஜிக்கில் (பாகத்தை அசையாமல் பிடித்துவைக்கும் தாங்கி) பாகத்தைப் பொருத்தி, இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்துவதற்குப் புதிதாக எடுக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வெல்டர் என்ற பெயரும் அந்தப் பெயருக்குரிய ஊதிய நிலையும் அவர்களுக்குக் கிடையாது. வேலை போகுமா, போகாதா என்றே எல்லோரும் கேட்கிறார்கள். நான் கண்டது வேறு: வேலை அங்கேயே இருந்தது, அதிலிருந்த திறமைக்கான கூலிதான் ரோபோவை வாங்கியவரின் கணக்குக்குப் போய்விட்டது.

அசெமோக்லு, ரெஸ்ட்ரெபோ என்ற இரு பொருளியலாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் ஆயிரம் தொழிலாளர்களுக்கு ஒரு ரோபோ கூடும்போது வேலையில் இருப்போர் விகிதம் 0.2 சதவீதப் புள்ளியும் ஊதியம் 0.42 சதவீதமும் குறைகின்றன. சிறிய எண்களாகத் தோன்றலாம். ஆனால் ரோபோவைக் கண்ணால்கூடப் பார்த்திராத எத்தனையோ பேரையும் சேர்த்து எடுத்த சராசரி அது. கூண்டின் முன் நிற்பவர் இழப்பது அந்த அளவோடு நிற்பதில்லை.

இரண்டாம் பகிர்வு (வாடிக்கையாளர் சேவை)

வெல்டர் நண்பரே, நீங்கள் தெரிந்தே சொல்லிக்கொடுத்தீர்கள். நான் சொல்லிக்கொடுத்தது எனக்கே தெரியாது. எங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். ஒருநாள், அந்தப் பதிவுகளிலிருந்து கற்ற புதிய மென்பொருள், பேச வேண்டிய வாக்கியங்களைத் திரையில் காட்டத் தொடங்கியது. கோபமாக இருக்கும் வாடிக்கையாளரிடம் “நீங்கள் ஏற்கெனவே செய்து பார்த்ததை மறுபடி செய்யச் சொல்ல மாட்டேன்” என்று தொடங்குவது என் வழக்கம். பக்கத்து இருக்கையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரம் ஆன பெண் அதே வாக்கியத்தைத் திரையைப் பார்த்துப் படித்தாள். அவளுக்கு அது உதவியதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. பொருளியலாளர் எரிக் பிரின்யோல்ஃப்சனும் அவருடைய குழுவினரும் 5,000-க்கும் மேற்பட்ட சேவைப் பணியாளர்களை வைத்துச் செய்து 2023-இல் வெளியிட்ட ஆய்விலும் இதையே காண்கிறோம்: இத்தகைய மென்பொருள் வந்தபின் மணிக்குத் தீர்க்கப்படும் சிக்கல்கள் சராசரியாக 14 சதவீதமும், புதியவர்களிடம் 34 சதவீதமும் கூடின, கைதேர்ந்தவர்களுக்குப் பெரிய பயன் இல்லை. பணியாளர்களுக்குள் இருந்த இடைவெளி சுருங்கியது நல்லதுதான். ஆனால் அந்தத் தேர்ச்சி யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ, அவர்களுடைய ஊதியச் சீட்டில் அதற்கென்று ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எளிய கேள்விகளைத் தானியங்கி உரையாடல் மென்பொருளே முடித்துவிடுவதால் இப்போது எங்களை வந்தடைவது சிக்கலான, மனம் வெந்துபோனவர்களின் அழைப்புகள் மட்டுமே. ஓர் அழைப்பை இத்தனை நிமிடங்களில் முடிக்க வேண்டும் என்ற பழைய இலக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

மூன்றாம் பகிர்வு (வங்கி)

முதல் ஏடிஎம் 1967-இல் லண்டனில் வந்தது. அதன்பின் காசாளர்களே இருக்க மாட்டார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. அமெரிக்க நகரங்களில் ஒரு வங்கிக் கிளைக்கான காசாளர் எண்ணிக்கை 1988-க்கும் 2004-க்கும் இடையே சராசரியாக 20-லிருந்து 13-ஆகக் குறைந்தது. ஆனால் செலவு குறைந்ததால் வங்கிகள் மேலும் பல கிளைகளைத் திறந்தன, அந்தக் காலத்தில் மொத்த வேலைகள் சரியவில்லை. எனவே இயந்திரம் வந்தாலே வேலை அழியும் என்பதை நான் ஏற்கவில்லை. ஆயினும் என் கிளையில் பணம் எண்ணியவர்களைக் காப்பீடு விற்கச் சொன்னபோது, நோட்டுக் கட்டைத் தொட்டே கள்ள நோட்டைச் சொல்லிவிடும் இருவர் விற்பனை இலக்கை எட்ட முடியாமல் பதவி உயர்வின்றியே ஓய்வு பெற்றார்கள்.

வெல்டர் நண்பரிடம் ஒரு கேள்வி: சொல்லிக்கொடுத்ததற்கு உங்களுக்கு என்ன கொடுத்தார்கள்?

முதல் பகிர்வாளரின் மறுமொழி

மூன்று வாரங்களுக்கு மிகைநேர ஊதியம் கொடுத்தார்கள். நான் பதிந்த நிரலை அடுத்த ஆண்டு வேறு இரண்டு தொழிற்சாலைகளுக்கு நகலெடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே போய்ப் புள்ளிகளைச் சரிபார்த்துக் கொடுத்தவனும் நான்தான்.