ரவாங் ரயில் நிலையப் பலகையில் யாருடைய பெயர் இருக்க வேண்டும்?

ரவாங்வாசி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். கோலாலம்பூருக்கு வடக்கே, சிலாங்கூரில் உள்ள ரவாங் நிலையத்தில் பதினேழு ஆண்டுகளாக அதிகாலையில் கொமியூட்டர் மின்ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி வேலைக்குச் செல்கிறவன் நான். எங்கள் குடியிருப்பினர் சிலர் சேர்ந்து, நிலைய நுழைவாயிலில் வரலாற்றுப் பலகை ஒன்று வைப்பதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். மலாய்மொழியில் அமையவிருக்கும் அந்தப் பலகையில் தமிழிலும் நான்கு வரிகள் இருக்க வேண்டும் என்று கேட்கவிருக்கிறோம். அவற்றுள் முதல் வரி தம்புசாமிப் பிள்ளையைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பத்துமலைக் கோயிலுக்கு வித்திட்டவர் என்றே நம்மில் பெரும்பாலோர் அவரை அறிந்திருக்கிறோம். ஆனால் 1894இல் சீனத் தொழிலதிபர் லோக் யூவும் அவரும் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள் என்பதும், இந்நாட்டு மின்சார வரலாறே அங்கிருந்துதான் எழுதப்படுகிறது என்பதும் ரவாங்கில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. கோலாலம்பூர் ரயில் நிலையங்களுக்கு மின்சாரம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1895இல். தலைநகரை முந்திக்கொண்டு விளக்கேற்றிய ஊர் இது. ஈயம் இல்லையென்றால் இந்தப் பள்ளத்தாக்குக்கு ரயில் வந்திருக்காது; அந்த ஈயத்தில் ஒரு தமிழருக்குப் பெரும் பங்கு இருந்தது. இதை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

தண்டவாளப் பேரன் எழுதியது:

ஐயா, பலகை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. முதல் வரியைத்தான் நான் முழுமையாக மறுக்கிறேன்.

தம்புசாமிப் பிள்ளை அரசாங்கத்தின் சார்பில் இந்தியாவுக்குச் சென்று, ரயில்பாதை வேலைக்குத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தவர் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளே சொல்கின்றன. அவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கோலாலம்பூரில் சாலைக்கே இருக்கிறது. அவர் கொண்டுவந்தவர்களின் பெயர் எங்கே இருக்கிறது? ஊரில் கடன் முற்றி, பஞ்சம் துரத்தி, கப்பலில் ஏறி, காட்டை வெட்டி, சதுப்பில் மண் கொட்டி, மலேரியாவில் சுருண்டு விழுந்தவர்கள் போட்ட பாதை இது. அவர்கள் வந்து சேர்ந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல்தான் ஒழிந்தது.

என் தாத்தா ரவாங்குக்கும் செரண்டாவுக்கும் இடையில் பாதை பராமரிக்கும் கேங்கில் வேலை செய்தார். விடியும் முன்பே நீண்ட கைப்பிடிச் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு, தனக்கு ஒதுக்கப்பட்ட தூரம் முழுவதையும் அவர் நடந்தே பார்க்க வேண்டும். கட்டையோடு தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆணியைத் தட்டினால், இறுகியிருப்பது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்திருப்பது சொத்தென்று கேட்கும். கண் மங்கிய கடைசிக் காலத்தில்கூட, வீட்டுக் கதவை யாராவது தட்டினால் கீல் தளர்ந்திருக்கிறது என்று அந்த ஓசையை வைத்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காதுகளை நம்பித்தான் இந்தப் பாதையில் வண்டி ஓடியது. முதல் வரி அவர்களுக்கு உரியது.

செந்தூல் ஆசிரியை எழுதியது:

இருவருடைய உணர்வையும் மதிக்கிறேன். ஆயினும் பலகையில் ஏறுவது எதுவாக இருந்தாலும் கால வரிசை பிசகக்கூடாது என்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. அடுத்த ஆண்டே கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே சிலாங்கூர் பாதை திறக்கப்பட்டது. அதுவரை மாட்டு வண்டியிலும் ஆற்றுப் படகிலும் போய்க்கொண்டிருந்த ஈயம் ரயிலுக்கு மாறிய பிறகு அந்தப் பாதை நல்ல வருமானம் ஈட்டியது. அந்தத் துணிவில்தான் சிலாங்கூர் அரசாங்கம் 1890களின் தொடக்கத்தில் வடக்கே ரவாங்கை நோக்கிப் பாதையை நீட்டியது. ஆக, மின்னாக்கிக்கு முன்னரே ரயில் வந்துவிட்டது. அவ்வளவு கனமான இயந்திரம் சுரங்கத்துக்கு வந்து சேர்ந்ததற்கே ரயில் துணை நின்றிருக்கும் என்று கருதுவதில் தவறில்லை. ரவாங்வாசி ஐயா ஈயத்தால் ரயில் வந்தது என்கிறார். நான் அதோடு, ரயிலால் ரவாங் ஈயம் பெருகியது என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் மனம் கோணாமல் கேளுங்கள். அந்தச் சுரங்கங்களில் இறங்கி மண் அள்ளியவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். நம் மக்கள் பாதையிலும் சாலையிலும், பின்னர் பால்மர (ரப்பர்) தோட்டங்களிலும் உழைத்தார்கள். தமிழில் எழுதுகிறோம் என்பதற்காகச் சுரங்கத்தையும் நம் கணக்கில் சேர்த்துக்கொண்டால், நம்மைப் பிறர் விட்டுவிட்டார்கள் என்று குறைசொல்லும் தகுதியை நாமே இழந்துவிடுவோம்.

பச்சைக்கொடி எழுதியது:

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன் நான். என் பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, சிறிய நிலையங்களில் எழுத்தராக இருந்து நிலைய அதிபரானவர். இந்த விவாதத்தில் முதலாளியும் தொழிலாளியும் வந்துவிட்டார்கள். நடுவில் இருந்த எங்களவர்களை யாரும் நினைக்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தைப்பிங் பாதைக்கே இலங்கையிலிருந்து பயனியர் படை எனப்பட்ட கட்டுமானத் தொழிலாளர் படையினரை வரவழைத்தார்கள். ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர்கள் இல்லாமல் மலாயா ரயில்வேயின் கணக்கும் தந்தியும் நடந்திருக்காது.

அந்த வேலையை மேசை வேலை என்று எண்ணிவிடாதீர்கள். ஒற்றைப் பாதைக் காலத்தில் அடுத்த நிலையத்தின் ஒப்புதல் வந்த பிறகே டோக்கனை, அதாவது வண்டி அடுத்த பகுதிக்குள் நுழைவதற்கான அனுமதி அடையாளத்தை, எடுக்க முடியும். அதைத் தோல் பையிலிட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, நிற்காமல் போகும் வண்டியின் ஓட்டுநர் கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளும்படி மேடை ஓரத்தில் உயர்த்திப் பிடிக்க வேண்டும். இரவு மழையில், விளக்கு வெளிச்சத்தில், இரும்பு மலை போன்ற எஞ்சின் ஒரு முழத் தூரத்தில் கடக்கும்போது கை நடுங்கக்கூடாது. அந்த வளையம் கை மாறாமல் எந்த வண்டியும் அடுத்த பகுதிக்குள் நுழையக்கூடாது என்பதுதான் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதாமல் காத்த விதி.

தண்டவாளப் பேரன் எழுதியது:

ஐயா, உங்கள் பாட்டனாரின் கை நடுங்கவில்லை என்பதை மனமார ஏற்கிறேன். ஆனால் அவருக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது, ஓய்வூதியம் இருந்தது, பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி இருந்தது. என் தாத்தாவுக்குப் பாதையோரத்தில் லயத்து வீடு ஒன்று இருந்தது. வேலை முடிந்ததும் அதையும் காலி செய்ய வேண்டியிருந்தது. ஒரே ரயில்வேயில் இரு தமிழர்கள் எவ்வளவு தொலைவில் வாழ்ந்தார்கள் என்பதும் இந்த நிலையத்தின் வரலாறுதான்.

மாணவப் பயணி எழுதியது:

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு இந்த விவாதத்தின் தேவையே விளங்கவில்லை. ரவாங் ஒரு பயணிகள் நிலையம். 1995இல் மின்மயமான இரட்டைப் பாதையில் கொமியூட்டர் தொடங்கியபோது, சிரம்பான் பாதையின் வடமுனையாக இருந்தது என்பதே இதன் இன்றைய முக்கியத்துவம். 2007இல் வடக்கே ராசா வரையிலும், 2009இல் தஞ்சோங் மாலிம் வரையிலும் சேவை நீண்டபோது ரவாங்கில் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது; இப்போது தஞ்சோங் மாலிமிலிருந்து போர்ட் கிள்ளானுக்கே நேராகப் போகலாம். 2016 முதல் ரவாங்குக்கும் சாலாக் செலாத்தானுக்கும் இடையே பாதையைப் புதுப்பித்தபோது நாங்கள் காத்திருந்த நேரத்தைக் கணக்கிட்டால் அதுவே ஒரு வரலாறு. சென்ற மாதம் நகரிலுள்ள ஒரு நிலையத்தில் அடுத்த வண்டி எப்போது என்று தெரியாமல் முக்கால் மணி நேரம் நின்று, தேர்வுக்குத் தாமதமாகப் போனேன். அந்த நேரத்தில் என் முன்னால் ஒரு வரலாற்றுப் பலகை இருந்திருந்தால் எனக்கு என்ன பயன்? கையெழுத்துத் திரட்டுவதாக இருந்தால், சரியான நேர அறிவிப்புக்குத் திரட்டுங்கள்.

செந்தூல் ஆசிரியை எழுதியது:

தம்பி, தேர்வுக்குத் தாமதமான வேதனை நியாயமானது. நேர அறிவிப்புக்கான விண்ணப்பத்தில் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள். ஆனால் ஒன்றைக் கேட்டால் மற்றொன்றைக் கேட்கக்கூடாது என்பதில்லை. செந்தூலில் ரயில்வே பணிமனை இருந்த காலத்தில், சங்கு ஊதும் நேரத்தை வைத்தே எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். பணிமனை போய்விட்டது. இன்று அந்த இடத்தைக் கடக்கும் பிள்ளைகளிடம் இங்கே என்ன இருந்தது என்று கேட்டால் பூங்கா என்கிறார்கள். எழுதி வைக்காத இடம் ஒரு தலைமுறையில் வெற்றிடமாகிவிடுகிறது என்பதை நான் வகுப்பறையில் கண்கூடாகக் கண்டிருக்கிறேன்.

ரவாங்வாசி எழுதியது:

ஆசிரியை அவர்கள் சுட்டிய கால வரிசையை ஏற்றுக்கொள்கிறேன், விண்ணப்பத்தில் திருத்திவிடுகிறேன். சீனத் தொழிலாளர்களைச் சேர்ப்பதிலும் எனக்குத் தடை இல்லை. ஆனால் தம்புசாமிப் பிள்ளையைக் கைவிட நான் ஆயத்தமாக இல்லை. இந்நாட்டில் நம்மைப் பற்றிப் பாடப் புத்தகங்கள் சொல்வதெல்லாம் நாம் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் என்பதே. அரசுக் கருவூலத்தில் பணியாற்றி, விக்டோரியா கல்விக்கூடத்தின் தொடக்க அறங்காவலர்களில் ஒருவராக இருந்து, புதிய தொழில்நுட்பத்தைத் துணிந்து கையாண்ட ஒரு தமிழரை ரவாங் நிலையத்தில் ஒரு சிறுமி படித்துத் தெரிந்துகொள்வது சிறிய காரியம் அன்று. உழைத்தவர்களைப் போற்றுவதற்கு அவரை மறைக்கத்தான் வேண்டுமா?

தண்டவாளப் பேரன் எழுதியது:

மறைக்கச் சொல்லவில்லை, ஐயா. முதலில் யார் என்பதே என் கேள்வி. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை எழுதத் தயங்கினேன்.

ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர்ப் பாதை அது. 1943 அக்டோபரில் முடிந்தது. கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் பெரும்பாதை இது ஒன்றுதான் என்பதால், சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற சரக்கு வண்டிகள் ரவாங்கைக் கடந்தே போயின. எதிர்வண்டிக்காக அப்படி ஒரு வண்டி இங்கே நின்றபோது, அடைத்த கதவின் இடுக்கில் விரல்கள் மட்டும் வெளியே நீண்டு தமிழில் தண்ணீர் கேட்டதாகத் தாத்தா சொல்வார். பால்டின்னில் தண்ணீர் மொண்டு நீட்டினார். டின் இடுக்கில் நுழையவில்லை. விரல்களின்மேல் ஊற்றினார், அவர்கள் விரலை உள்ளே இழுத்து நக்கிக்கொண்டு, மறுபடியும் நீட்டினார்கள். இரண்டாவது டின் நிரம்புவதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது.

தாத்தா காத்த பாதையிலேயே அவருடைய ஆட்கள் சாவுக்குப் போனார்கள். மின்னாக்கியைப் பற்றிப் பலகையில் எழுதுங்கள். ஆனால் அதற்கு மேலே இது இருக்க வேண்டும்.

பச்சைக்கொடி எழுதியது:

தம்பி, இதைப் படித்த பிறகு எங்கள் வரியை நான் வற்புறுத்தப் போவதில்லை. நிலைய ஊழியர்கள் என்று ஒரு சொல் இருந்தால் போதும்.

ரவாங்வாசி எழுதியது:

நேற்று இரவு இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நான்கு வரிகளை மாற்றி எழுதியிருக்கிறேன்; ஐந்தாகிவிட்டன, பாருங்கள்.

"1890களின் தொடக்கத்தில் கோலாலம்பூரிலிருந்து இவ்வூருக்கு ரயில்பாதை வந்தது. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தொழிலாளர்களும் நிலைய ஊழியர்களும் இதை அமைத்துக் காத்தனர். ஜப்பானியர் காலத்தில் சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் இவ்வழியே போயினர். சீனத் தொழிலாளர்கள் தோண்டிய ஈயம் இங்கிருந்து சென்றது. 1894இல் ரவாங் சுரங்கத்தில் லோக் யூவும், இந்தியாவிலிருந்து தொழிலாளர்களை அழைத்து வந்த தம்புசாமிப் பிள்ளையும் நாட்டின் முதல் மின்னாக்கியை நிறுவினர்."

தண்டவாளப் பேரன் எழுதியது:

வரிசைக்கு நன்றி. ஒரு சொல்லை மட்டும் மாற்றித் தாருங்கள். "அழைத்து வந்த" என்பது விருந்தினருக்குச் சொல்வது. "வேலைக்கு ஆள் எடுத்து வந்த" என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள்.

ரவாங்வாசி எழுதியது:

"அழைத்து" என்பதே மரியாதையான சொல் என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனால் வந்தவர்களின் வீட்டுச் சொல் அதுவென்றால், அதுவே பலகையில் இருக்கட்டும். மாற்றிவிட்டேன்.

மாணவப் பயணி எழுதியது:

நுழைவாயிலில் வைத்தால் காலையில் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். எல்லோரும் அட்டையைத் தட்டிவிட்டு ஓடுவார்கள். மேடையில், கோலாலம்பூர் வண்டிக்குக் காத்திருக்கும் பக்கத்தில் இருக்கைக்கு எதிரே கேளுங்கள். நாளை நின்று பார்த்துப் படம் எடுத்து அனுப்புகிறேன்.